முதல் மூச்சும் மூடிய மதகும்

மகவு பிறந்தவுடன் அழுதல் வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கின்றது. பிறர் அழக் கேட்டு இரங்கும் மக்கள் இவ்வோர் அழுகையைக் கேட்டு மட்டும் மகிழ்வர். அழாத மகவைக் கண்டு அஞ்சுவர். பள்ளிக்கூடம் கண்டறியாத நம் நாட்டு மருத்துவச்சிகளும் பன்னெடுங்காலமாக அறிந்திருந்த உண்மை இது. அவ்வழுகையின்போது உடலினுள்ளே நிகழ்வது யாதென ஆராயப் புகின், மனிதன் தன் வாழ்நாளில் அடையும் மாறுதல்கள் எல்லாவற்றினும் பெரியதொரு மாறுதல் அச்சில கணங்களில் நிகழ்ந்து முடிகின்றது என்பது புலனாகும். அம்மாறுதல் தடைப்பட்டால் குழவிக்கு நேரும் இடுக்கணையும், அவ்விடுக்கணைக் களையக் குருதிக்குழாய்களை நெகிழ்விக்கும் மருந்துகள் துணைபுரியுமாற்றையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம். இலக்கணமும் இலக்கியமும் பயிலும் மாணவன் மருத்துவத்தைப் பற்றி எழுதத் துணிந்தது ஏன் என்று வினவும் நண்பர்க்குக் கட்டுரையின் இடைப்பகுதி விடை பகரும்.

கருப்பையிலுள்ள குழவிக்கு நுரையீரல் உண்டு. ஆயின் அதற்கு வேலை இல்லை. அது நீரால் நிறைந்து கிடக்கின்றது. உயிர் வாழ்தற்கு வேண்டிய பிராணவாயுவை அன்னையின் குருதியினின்று நச்சுக்கொடி பெற்றுக் கொடுக்கின்றது. ஆகலான் நுரையீரலுக்குச் செல்லும் குருதிக்குழாய்கள் இறுகிச் சுருங்கியிருக்கின்றன. இதயம் வெளியேற்றும் குருதியில் ஒரு சிறு பங்கே அவ்வழிச் செல்கின்றது. எஞ்சியது இரண்டு குறுக்கு வழிகளால் விலகிப் போகின்றது. இதயத்தின் மேலறைகள் இரண்டற்கும் இடையேயுள்ள துளை ஒரு வழி. நுரையீரல் தமனியை உடலின் பெருந்தமனியோடு இணைக்கும் குறுங்குழாய் மற்றொரு வழி. குருதி உடலைச் சுற்றி வருகின்றது என்பதை நிறுவி 1628-ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில மருத்துவர், கருவுயிரின் இவ்விரு வழிகளையும் அந்நூலிலேயே ஆராய்ந்துள்ளார்.

குழவி பிறந்து வீறிட்டு அழும்போது காற்று உட்புகுந்து நுரையீரல் விரிகின்றது. அதனுள் இருந்த நீர் உறிஞ்சப்படுகின்றது. பிராணவாயு பட்டவுடன் இறுகியிருந்த குழாய்கள் நெகிழ்கின்றன. நெகிழவே, குருதி வெள்ளம் போல் நுரையீரலுட் பாய்ந்து, பிராணவாயுவைப் பெற்று, இதயத்தின் இடப்பக்கத்திற்கு மீள்கின்றது. அப்பக்கத்தின் அழுத்தம் உயர்தலின், மேலறைகளுக்கிடையேயுள்ள துளையின் மென்தகடு கதவு போற் சாத்திக்கொள்கின்றது. குறுங்குழாயும் ஓரிரு நாள்களிற் சுருங்கி மூடுகின்றது. இத்துணையும் எவருடைய கட்டளையுமின்றி, தாயும் அறியாமல், தானும் அறியாமல் நடைபெறுகின்றன.

ஆயின் சில மகவுகட்கு இங்ஙனம் நடைபெறுவதில்லை. பிறந்த பின்னரும் நுரையீரற் குழாய்கள் இறுகியபடியே நிற்கின்றன. குருதி, பழைய குறுக்கு வழிகளைப் பற்றிக்கொண்டு, நுரையீரலைத் தீண்டாமலே உடலுக்குச் சென்றுவிடுகின்றது. மகவு கருப்பையைவிட்டு வெளிவந்துவிட்டது. அதன் குருதியோட்டமோ கருப்பையிலிருந்தபடியே இருக்கின்றது. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் சிலர் இந்நிலையைத் தனி நோயாக விளக்கி, கருக்காலக் குருதியோட்டம் நீடித்தல் என்னும் பொருள்படப் பெயரிட்டனர். இக்காலத்தார் இதனைப் பச்சிளங்குழவியின் நிலைத்த நுரையீரல் மிகையழுத்தம் என்பர். உயிரோடு பிறக்கும் ஆயிரம் மகவுகளில் ஏறத்தாழ இரண்டினை இது பற்றும் என்பது மருத்துவர் கணக்கு. கருப்பையினுள்ளேயே மலங்கழித்து அதனை மூச்சோடு உள்ளிழுத்தல், பிறக்குங்கால் மூச்சுத் திணறல், நோய்க்கிருமிகளின் தாக்குதல், உதரவிதானத்திலே துளையோடு பிறத்தல் முதலியன இதற்குக் காரணங்களாம்.

இந்நோயின் கொடுமை யாதெனில், பிராணவாயுவைத் தாராளமாக ஊட்டினும் மகவின் நீலம் மாறுவதில்லை. காற்று நுரையீரலில் நிறைந்திருக்கும். அதனைப் பெற்றுக்கொள்ளக் குருதிதான் அங்கு வருவதில்லை. சோறு வெந்திருக்க, உண்பவர் வாயிற்படியிலேயே திருப்பி அனுப்பப்படுதலை ஒக்கும் இது. மருத்துவர் குழவியின் வலக்கையில் ஒன்றும் காலில் ஒன்றுமாகச் சிறு கருவிகளைப் பொருத்திப் பிராணவாயுவின் அளவை ஒப்பிடுவர். வலக்கைக்குச் செல்லும் குருதி குறுங்குழாய்க்கு முன்னரே பிரிந்து செல்வது. காலுக்குச் செல்வது அதற்குப் பின்னர்க் கலப்புற்றுச் செல்வது. கையில் மிகுந்தும் காலிற் குறைந்தும் இருப்பின், குருதி குறுக்கு வழியே ஓடுகின்றது என்று ஐயுறுவர். ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடித்து அவ்வையத்தைத் தெளிவர்.

இவற்றையெல்லாம் யான் நூலகத்திற் கற்கவில்லை. சேலம் நகரத்து மருத்துவமனை ஒன்றின் தாழ்வாரத்தில், சென்ற ஐப்பசித் திங்களில், ஒன்பது நாள்கள் இருந்து கற்றேன். என் தமக்கையாரை ஜேடர்பாளையத்திற்கும் பரமத்தி வேலூருக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில் மணஞ்செய்து கொடுத்திருக்கின்றோம். காவிரியினின்று பிரியும் இராஜவாய்க்காலின் நீரால் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் செழிக்கும் ஊர் அது. தமக்கையார்க்கு முதற்பேறு அண்மையிலுள்ள சிறு மனையொன்றில் நிகழ்ந்தது. ஆண்மகவு, நிறை மாதம், நல்ல எடை. ஆயின் பனிக்குடநீர் பச்சை நிறமாயிருந்தது. மகவு ஈனக் குரலில் ஒருமுறை அழுது ஓய்ந்தது. உதடும் நகமும் நீலம் பாரித்தன. நாழிகைகள் பல அங்கே வீணிற் கழிந்தன. "சற்று நேரத்திற் சரியாகிவிடும்" என்னும் சொல்லே மருந்தாக அளிக்கப்பட்டது. பொழுது சாயும் வேளையிலேதான் 108 வண்டி வரவழைக்கப்பட்டது. நாமக்கல், புதன்சந்தை, புதுச்சத்திரம், ஆண்டகளூர்க்கேட், மல்லூர் என ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னிட, கண்ணாடிப் பேழையினுள் எம் குலக்கொழுந்து மூச்சுக்குப் போராடிய அவ்வழி, யான் பன்முறை சென்று வந்த வழியே ஆயினும், அன்று அதற்கு முடிவே இல்லையென்று தோன்றிற்று.

சேலத்திலே மகவுக்குச் செயற்கை மூச்சு அளிக்கப்பட்டது. நள்ளிரவில் மருத்துவர் அம்மையார் வெளிப்போந்து, நுரையீரற் குழாய்கள் நெகிழவில்லையென்றும், அவற்றை நெகிழ்விக்க மருந்து கொடுத்தல் வேண்டுமென்றும், அதற்கு உறவினர் ஒப்பங்கொடுத்தல் வேண்டுமென்றும் கூறினார். கையில் தந்த தாள் முழுதும் ஆங்கிலம். மருந்தின் பெயர் சில்டெனாபில். அப்பெயரைக் கேட்டவுடன் அங்கிருந்த உறவினர் ஒருவர் தம் கைப்பேசியில் தேடிப் பார்த்து, என் மைத்துனரின் காதில் ஏதோ கூறினார். ஆடவர் சிலர் அந்தரங்கத்தில் வாங்கி உண்ணும் மாத்திரையன்றோ அது! மைத்துனர் முகம் கறுத்தது. லாரிக்கூடு கட்டும் பட்டறையிலே நாள் முழுதும் இரும்போடு உழைக்கும் அவர், பேனாவைக் கையிற் பிடித்தபடி ஒப்பமிடாமல் நின்றார். "அந்த மாத்திரையையா பிறந்த குழந்தைக்குக் கொடுப்பது? எங்களை ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைத்துவிட்டார்களா?" என்றார். அம்மையாரோ வேறு மகவுகளையும் காத்தல் வேண்டிய கடமையினர், உள்ளே மணியொலித்தது, விரைந்து சென்றுவிட்டார்.

என் தமக்கையாரின் மாமியார் என்னை நோக்கினார். "தம்பி, நீ காலேஜில் படிக்கிறாய். அந்த அம்மா சொன்னது என்ன? எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு கண்ணு" என்றார். யான் உள்ளே சென்று செவிலியர் ஒருவரிடம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்து மீண்டேன். மீண்டபின், நூற்சொற்கள் ஒன்றும் என் நாவிற்கு வரவில்லை. அத்தையின் கொடிக்காலே கண்முன் நின்றது. "அத்தை, நெஞ்சுக்குள்ளே ஒரு வாய்க்கால் இருக்கிறது. பிறந்தவுடன் அதன் மதகு திறக்க வேண்டும். நம் குழந்தைக்குத் திறக்கவில்லை. தண்ணீர் வயலுக்குப் போகாமல் வடிகாலிலே போகிறது. இந்த மருந்து அந்த மதகைத் திறப்பது. பெரியவர்கள் எதற்கு வேண்டுமானாலும் தின்னட்டும், குழந்தைக்கு இது மதகு திறக்கிற மருந்துதான்" என்றேன். அவர் சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்னர்த் தம் மகனை நோக்கி, "கையெழுத்துப் போடப்பா. கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லையென்றால் மதகைத்தானே திறக்க வேண்டும்?" என்றார். மைத்துனர் ஒப்பமிட்டார்.

ஆயினும் மதகைத் திறத்தல் அத்துணை எளிய செயலன்று. இதனை மருத்துவ வரலாறே உணர்த்தும். 1970-களில் டோலாசோலின் என்னும் மருந்தை இம்மகவுகட்கு ஊசிவழிச் செலுத்தினர். அது நுரையீரற் குழாய்களை நெகிழ்வித்தது. அதனோடு அமையாது உடலெங்குமுள்ள குழாய்களையும் நெகிழ்வித்தது. வாய்க்காலின் மதகுகள் எல்லாவற்றையும் ஒருங்கே திறந்தால் நீர்மட்டம் தாழ்ந்து கடைமடை வறண்டு போதலை உழவர் அறிவர். அஃதே உடலினும் நிகழ்ந்தது. உடற்குருதியின் அழுத்தம் வீழ்ந்தது. வீழவே, நுரையீரலை விட்டு விலகிக் குறுக்கு வழியே ஓடும் குருதி முன்னினும் மிகுந்தது. சிலர்க்குக் குடலிற் குருதிக்கசிவும் நேர்ந்தது. குழாயை விரித்தல் மட்டும் மருத்துவமாகாது. வேண்டும் இடத்தை மட்டும் விரித்தலே மருத்துவம் என்னும் பாடத்தை அவ்வாண்டுகள் கற்பித்தன.

அப்பாடத்திற்கேற்ற மருந்து எதிர்பாராத திசையினின்று வந்தது. வெடிமருந்தினால் பெரும்பொருள் ஈட்டிய ஆல்பிரட் நோபெல், தம் இறுதிக் காலத்தில் நெஞ்சுவலியால் வருந்தியபோது, மருத்துவர்கள் அவருக்கு நைட்ரோகிளிசரினையே உட்கொள்ளச் சொன்னார்கள். அவ்வெடிமருந்தின் மூலப்பொருளே அது! 1896-இல் அவர் மறைந்தார். அப்பொருள் நெஞ்சுவலியைத் தணிப்பது எங்ஙனம் என்பது அன்று விளங்கவில்லை. அஃது உடலினுள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை வெளியிட்டுக் குழாய்களை நெகிழ்விக்கின்றது என்பதும், நம் குழாய்ச் சுவர்களே அவ்வாயுவை ஓயாது சுரக்கின்றன என்பதும் 1970, 1980-களின் ஆராய்ச்சியால் வெளிப்பட்டன. இவற்றைக் கண்ட பர்ச்காட், இக்னாரோ, முராட் என்னும் மூவர்க்கும் 1998-இல் அந்நோபெலின் பெயராலமைந்த பரிசே வழங்கப்பட்டது.

இவ்வாயுவை மகவின் மூச்சுக்காற்றிலே சிறிதளவு கலந்து கொடுத்தால் யாது நிகழும்? காற்றுச் சென்ற இடத்திற்கே அதுவும் செல்லும்; அண்மையிலுள்ள நுரையீரற் குழாய்களை நெகிழ்விக்கும்; குருதியிற் கலந்தவுடன் செவ்வணுக்களால் பற்றப்பட்டுச் செயலிழக்கும். ஆகலான் உடலின் பிற குழாய்களை அது தீண்டுவதில்லை. 1992-இல் அமெரிக்காவில் இரு குழுவினர் இதனை மகவுகட்குக் கொடுத்துப் பயன் கண்டனர். 1997-இல் வெளிவந்த பேராய்வொன்றில், இறப்போ, குருதியை உடற்குப் புறத்தே கொண்டுபோய்ப் பிராணவாயுவூட்டித் திருப்பும் பெரும்பொறியை நாடும் நிலையோ எய்திய மகவுகள், வாயு பெறாதாருள் நூற்றுக்கு 64 ஆகவும், பெற்றாருள் 46 ஆகவும் இருந்தன. பொறியை நாடுதல் குறைந்ததேயன்றி, இறப்பு மட்டும் பெரிதும் குறைந்திலது என்பதையும் உடன் கூறுதல் முறையாகும். 1999-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க அரசு இதனை மருந்தாக ஏற்றது.

ஆயின் இவ்வாயுவைக் கொடுத்தற்குத் தனி உருளை வேண்டும். அளவைத் துல்லியமாகக் காக்கும் கருவி வேண்டும். நச்சுவாயுவாக அது திரியாதபடி கண்காணித்தல் வேண்டும். திடீரென்று நிறுத்திவிடலும் ஆகாது. இவையனைத்திற்கும் பெரும்பொருள் செலவாம். எம் மகவு கிடந்த மனையில் அவ்வாயு இல்லை. இருக்கும் நகரத்திற்கு எடுத்துச் செல்லலாமோ எனின், மூச்சுப்பொறியில் உயிர் ஊசலாடும் மகவை மீண்டும் வண்டியில் ஏற்றல் ஆபத்து என்றனர். அங்ஙனமாயின், ஏழைக் குழவியின் மதகு மூடியே கிடக்க வேண்டியதுதானோ?

இவ்வினாவிற்கு விடையாக வந்ததே அப்பழிபெற்ற மாத்திரை. இங்கிலாந்தின் கெண்ட் மாநிலத்திலுள்ள சாண்ட்விச் என்னும் ஊரில், பைசர் கம்பெனியார் நெஞ்சுவலிக்கு மருந்து தேடுங்கால் சில்டெனாபிலைக் கண்டனர். நெஞ்சுவலிக்கு அது பெரிதும் உதவவில்லை. ஆடவர் குறையொன்றற்கு உதவிற்று. 1998-இல் அதன்பொருட்டு விற்பனைக்கு வந்து உலகெங்கும் பெயர் பெற்றது. பின்னர், 2005-இல் முதியோரின் நுரையீரல் மிகையழுத்தத்திற்கும் மருந்தாக ஏற்கப்பட்டது. அதன் செயல் இது: நைட்ரிக் ஆக்சைடு, குழாய்ச் சுவரின் தசையினுள்ளே "நெகிழ்க" என்னும் ஆணையைத் தாங்கும் பொருளொன்றை உண்டாக்குகின்றது, நொதி ஒன்று அப்பொருளைச் சிதைத்துவிடுகின்றது. நுரையீரற் குழாய்களில் அந்நொதி மிகுதி. சில்டெனாபில் அந்நொதியின் கையைக் கட்டுகின்றது; உடல் தானே பிறப்பித்த ஆணை நீடித்து நிற்கின்றது. புதிதாக மதகைத் திறத்தலினும், சிறிதே திறந்த மதகு மீண்டும் மூடாமற் காத்தல் என்பதே பொருந்தும்.

வாயுவும் பெரும்பொறியும் இல்லாத கொலம்பிய நாட்டு மருத்துவர்கள் இதனை மகவுகட்குக் கொடுத்து ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டனர். ஆய்வு மிகச் சிறியது, மகவுகள் பதின்மூவரே. மருந்து பெற்ற எழுவருள் அறுவர் பிழைத்தனர். பெறாத அறுவருள் ஒருவரே பிழைத்தனர். 2010-இல் மெக்சிகோவிலிருந்து வெளிவந்த ஆய்வும் இதன் பயனை உறுதிப்படுத்திற்று. செல்வ நாடுகளின் பேராய்வுகட்கு நடுவே இச்சிற்றாய்வுகள் சிறியனவாயினும், வாயு கிட்டாத ஊர்களின் மருத்துவர் கைக்கு ஒரு கருவி கிடைத்தது. மாத்திரையைப் பொடித்து நீரிற் கரைத்து, இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாய்வழி ஆறு மணிக்கொருமுறை எம் மகவுக்குக் கொடுத்தனர். விலையோ சில ரூபாயே. மருந்துக்கடைக்குச் சென்ற என் மைத்துனர், அங்கு நின்ற இளைஞனின் குறும்புநகையைக் கண்டும் தலைகுனிந்தாரல்லர். "என் பிள்ளைக்கு, பிறந்து இரண்டு நாள் ஆகிறது" என்று எல்லாருங் கேட்கச் சொன்னார். அந்நகை மறைந்துவிட்டது என்று பின்னர் எம்மிடம் கூறினார்.

முதல் நாள் ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் நாள் காலின் கருவி காட்டிய எண் சிறிது சிறிதாக ஏறிற்று. நான்காம் நாள் கைக்கும் காலுக்கும் வேறுபாடு இல்லை. எட்டாம் நாள் மூச்சுப்பொறியை நீக்கினர். அன்று அத்தை கண்ணீர் வடித்து மருத்துவர் அம்மையாரை வணங்க, அவர், "அம்மா, மருந்து மட்டும் செய்ததன்று. சூடு காத்தோம், மூச்சுப்பொறி உதவிற்று, உடற்குருதியின் அழுத்தம் தாழாதபடி வேறு மருந்து கொடுத்தோம், செவிலியர்கள் கண்ணிமையாமற் பார்த்தார்கள். எல்லாம் சேர்ந்துதான்" என்று விடையிறுத்தார். இச்சொல் என் நினைவினின்று நீங்காது. நல்ல மருத்துவர் தம் மருந்தின் எல்லையையும் அறிந்திருப்பர்.

எல்லை அறிதல் இம்மருந்துக்குப் பெரிதும் வேண்டுவது. கருப்பையில் வளர்ச்சி குன்றிய குழவிகளுக்கு உதவும் என்று கருதி, நெதர்லாந்து நாட்டில் இதனையே கருவுற்ற மகளிர்க்குக் கொடுத்து ஆராய்ந்தனர். பிறந்த மகவுகளிடையே நுரையீரல் மிகையழுத்தம் குறைதற்குப் பதிலாக மிகுந்தமை கண்டு 2018-இல் அவ்வாய்வை நிறுத்திவிட்டனர். நைட்ரிக் ஆக்சைடு கிட்டும் இடங்களில் அதனோடு சில்டெனாபிலையும் ஊசிவழிச் சேர்த்துக் கொடுத்தலால் மிகுபயன் இல்லை என்பது 2021-இல் வெளிவந்த ஆய்வின் முடிவு. காலமும் இடமும் அளவும் பிறழ்ந்தால் ஒரே பொருள் உதவாததாகவும், கேடு பயப்பதாகவும் ஆகின்றது.

இவ்வுண்மையை அத்தாழ்வாரத்திலேயே மற்றொரு வகையாற் கண்டேன். எமக்கருகே சங்ககிரிப் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர்தம் பெண்மகவும் நீலம் பாரித்தே வந்தது. ஆயின் அதன் நோய் நேர் எதிரானது. நுரையீரலுக்குக் குருதி செல்லும் வழி பிறவியிலேயே அடைபட்டிருந்தமையால், பிறர்க்கு மூட வேண்டிய அக்குறுங்குழாய் ஒன்றே அம்மகவின் உயிர்வழியாக இருந்தது. அது மூடத் தொடங்கியபோதே நீலம் தோன்றிற்று. புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் அக்குழாயை நெகிழ்விக்கும் என்பதை டொராண்டோ நகர ஆராய்ச்சியாளர் 1973-இல் ஆட்டுக்குட்டிகளிடத்தே கண்டனர்; 1975 முதல் மருத்துவர் அதனை மகவுகட்குக் கொடுத்து வருகின்றனர். குளிரிலே வைத்துக் காக்க வேண்டிய மருந்து அது. இடைவிடாது சிறுகச் சிறுகச் செலுத்தல் வேண்டும். சில மகவுகளின் மூச்சையே நிறுத்திவிடும் இயல்பும் அதற்குண்டு. அறுவை மருத்துவர் கைக்குச் சேரும் வரை வாயிலைத் திறந்து வைத்திருப்பதே அதன் தொழில். அம்மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே அம்மகவைச் சென்னைக்கு எடுத்துச் சென்றனர். அறுவையும் இனிது முடிந்தது. ஆயினும் பன்னிரண்டாம் நாள் நோய்க்கிருமி தாக்கி அம்மகவு மறைந்தது என்று அவர் எம் மைத்துனருக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். பக்கத்திற் பக்கமாகக் கிடந்த இரு மகவுகளுள் ஒன்று எம் மடியில் தவழ்கின்றது, மற்றொன்று இல்லை. மருந்தின் வெற்றியை எழுதுங்கால் இதனை மறைத்தல் உண்மைக்கு மாறாகும்.

நம் மாநிலம் இத்துறையிற் பின்தங்கியதன்று. 2020-ஆம் ஆண்டின் கணக்குப்படி, பிறக்கும் ஆயிரம் மகவுகளில் ஓராண்டு நிறையுமுன் இறப்பன இந்தியா முழுதிற்கும் 28 ஆக, தமிழ்நாட்டில் 13. முதல் இருபத்தெட்டு நாள்களுள் இறப்பனவற்றை மட்டும் எண்ணின், இந்தியாவில் 20, தமிழ்நாட்டில் 9. சேலத்தில் 1986-இல் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. நாமக்கல்லும் 2022-இல் தனக்கெனவொன்று பெற்றது. இவை போற்றத்தக்கன. எனினும் எஞ்சிய இறப்புகளிற் பெரும்பகுதி முதல் நாள்களிலேயே நிகழ்கின்றது என்பதை அவ்வெண்களே காட்டுகின்றன. அந்நாள்களில் மணித்துளிகளே விலைமதிப்புடையன. எம் மகவு சிறு மனையில் இழந்த நாழிகைகளை எம்மருந்தாலும் மீட்டிருக்க இயலாது. நீலம் பாரித்த மகவின் கையிலும் காலிலும் கருவி வைத்துப் பார்க்கும் வழக்கம் சிற்றூர்ப் பேற்றுமனைகள்தோறும் பரவுமாயின், மதகு மூடியது உடனே தெரியும். வண்டியும் உடனே புறப்படும்.

இன்னொன்றும் பரவுதல் வேண்டும். அது நம்மனோர் கடமை. அந்நள்ளிரவில் மருந்து மருத்துவமனையில் இருந்தது. அதனைக் கொடுக்க வல்லாரும் இருந்தனர். இடையே நின்றது ஒரு சொல்லே. மருத்துவத்தைத் தமிழிற் சொல்லுதல் இயலாது என்பார்க்கு யாழ்ப்பாணத்து மானிப்பாயே மறுமொழி. 1847-இல் அங்கு வந்து மருத்துவத் தொண்டாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தமிழ் கற்று, மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். மகப்பேற்று மருத்துவ நூலை 1857-இலேயே தமிழில் வெளியிட்டார். உடற்கூற்று நூலும் அறுவை மருத்துவ நூலும் அவர் முயற்சியாற் பின்னர்த் தமிழில் வெளிவந்தன. கடல் கடந்து வந்த ஒருவர், பேறுகாலத் தாய்மாரின் இடரை அவர்தம் மொழியிலேயே ஆராய்தல் வேண்டும் என்று எண்ணிச் செய்து காட்டினார். தமிழையே தாய்மொழியாகக் கொண்டு, அதனைச் சிறப்புப் பாடமாகவும் பயிலும் நாம், ஒப்பத்தாள் ஒன்றையேனும் வேலூர்க் கொடிக்காலின் மூதாட்டிக்கு விளங்குமாறு எழுதித்தர இயலாதோ?

நண்பர்களே, நிகண்டுகளில் சொற்கள் நிறைந்து கிடக்கின்றன. கலைச்சொல்லாக்கத்தில் வல்லார் நம்மிடையே பலர் உளர். ஆயின் சொல்லை ஆக்குதல் வேறு. அச்சொல் வேண்டும் இடத்தில், வேண்டும் வேளையில், அஞ்சி நிற்பார் செவியிற் சென்று சேருமாறு செய்தல் வேறு. குருதிக்குழாயை விரிக்கும் மருந்துக்கு உரைக்கப்படும் இலக்கணமே இதற்கும் பொருந்தும். அத்தொண்டிற்கு மருத்துவர் மட்டும் போதார். தமிழ் பயின்றாரும் வேண்டும். நம்முள் ஓரிருவரேனும் இக்கல்லூரியை விட்டு நீங்குமுன் மருத்துவமனைத் தாழ்வாரங்களில் ஒரு விடுமுறையைச் செலவிட்டு, அங்குள்ளார் யாது கேட்கின்றனர் என்று செவிமடுத்து வருவாராக. எழுத வேண்டிய சொற்கள் யாவை என்பது அங்கே தாமே விளங்கும்.